இகுவானா வளர்க்கணும்னு ஆசையா? திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் என் பதில்களும்

எங்க வீட்ல ஏழு வருஷமா ஒரு பச்சை இகுவானா இருக்கு, பேரு பச்சையப்பன். மூக்குல இருந்து வால் நுனி வரைக்கும் இப்போ நாலே முக்கால் அடி. சொந்தக்காரங்க வந்தா ஒருத்தரும் அந்த ரூமுக்குள்ள போக மாட்டாங்க, ஆனா போன்ல மட்டும் "எனக்கும் ஒண்ணு வாங்கணும், எங்க கிடைக்கும்"னு கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

முதல்ல இது என்ன? பெரிய ஓணானா, பச்சோந்தியா, உடும்பா?

மூணும் இல்ல. பச்சை இகுவானா மெக்சிகோல இருந்து பிரேசில் பக்கம் வரைக்கும், அப்பறம் கரீபியன் தீவுகள்லயும் இருக்குற பல்லி இனம். மரத்து மேலயே வாழும், இலை தின்னும், கீழ தண்ணி இருக்குற கிளையாப் பாத்து உக்காரும், ஆபத்து வந்தா அப்படியே தண்ணில குதிச்சு நீந்திப் போயிடும். முழுசா வளந்தா 5, 6 அடி, அதுல பாதிக்கு மேல வாலு தான், எடை 4ல இருந்து 6 கிலோ. கழுத்துக்குக் கீழ தொங்குற தோல், கன்னத்துல வட்டமா ஒரு பெரிய செதில், முதுகு நெடுக சீப்பு மாதிரி முள்ளு, இந்த மூணும் இருந்தா இகுவானா.

நம்ம ஊர்லயே உடும்பு இருக்கே, அதைப் புடிச்சு வளர்க்கக் கூடாதா?

கூடாது. இதுல பேச்சுக்கே இடம் இல்ல. உடும்பு வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, புலியும் யானையும் இருக்குற அதே அட்டவணை. புடிச்சாலோ வீட்ல வச்சிருந்தாலோ 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில். வயக்காட்டுல குட்டி கிடைச்சுதுனு எடுத்துட்டு வந்து ரீல்ஸ் போட்டீங்கன்னா ஃபாரஸ்ட்காரங்க வீட்டு வாசலுக்கே வருவாங்க.

அப்போ இகுவானா மட்டும் லீகலா?

பேப்பர் இருந்தா லீகல். இது வெளிநாட்டு உயிரினம், ஆனா சைட்டிஸ்னு சொல்ற, காட்டு உயிரினங்களை நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல இருக்கு. நம்ம சட்டத்தை 2022ல திருத்தினப்போ அந்தப் பட்டியல்ல இருக்குற வெளிநாட்டு உயிரினங்களையும் உள்ள கொண்டு வந்துட்டாங்க, 2023 ஏப்ரல் 1ல இருந்து அது அமல். அப்பறம் 2024 பிப்ரவரி 28ல விதிகள் வந்துச்சு, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் 2.0 போர்ட்டல்ல பதிவு பண்ணணும். ஏற்கனவே வச்சிருந்தவங்களுக்கு ஆறு மாசம் டைம் குடுத்தாங்க, அது முடிஞ்சு போச்சு, இப்போ புதுசா வாங்கினா 30 நாளுக்குள்ள பதியணும். குஞ்சு பொரிச்சாலும் செத்தாலும் வேற ஆளுக்குக் குடுத்தாலும் சொல்லணும். விக்கிறவர்கிட்ட "பதிவு நம்பர் என்ன, என் பேருக்கு மாத்தித் தருவீங்களா"னு கேளுங்க, "அதெல்லாம் யார் சார் பாக்குறா"னு சொன்னா அங்கேயே வண்டியைத் திருப்பிடுங்க. பாங்காக்ல இருந்து சூட்கேஸ்ல துணிக்கு நடுவுல சுத்தி வச்சுக் கொண்டு வர்ற கேஸ் சென்னை ஏர்போர்ட்ல எத்தனை தடவ பிடிபட்டிருக்கு, அப்படி வந்து பிழைச்ச குட்டிகள் தான் பல நேரம் பேப்பர் இல்லாம சல்லிசா கைமாறும்.

குட்டியை எப்படிப் பாத்து தேர்ந்தெடுக்குறது?

இதுக்கு நான் பட்ட பாட்டைச் சொன்னா போதும்னு நினைக்குறேன். பச்சையப்பனுக்கு முன்னாடி ஒண்ணு வாங்கினேன். கடைல பத்துப் பன்னெண்டு குட்டி ஒரே கண்ணாடித் தொட்டிக்குள்ள, கையை விட்டதும் எல்லாம் நாலா பக்கமும் தெறிச்சு ஓடுச்சு, ஒண்ணே ஒண்ணு மட்டும் அசையாம என் உள்ளங்கைலயே படுத்துக்கிச்சு. "இது ரொம்ப சாது சார், பழக்கவே வேணாம்"னு கடைக்காரர் சொன்னார், நானும் உருகிப் போய் வாங்கிட்டேன். அது சாதுவும் இல்ல ஒண்ணும் இல்ல, ஓட தெம்பு இல்லாத சீக்குக் குட்டி. தொடை ரெண்டும் கொழுகொழுன்னு இருந்துச்சு, நல்லா சாப்பிட்டு வளந்துருக்குனு நெனச்சேன், டாக்டர் தொட்டுப் பாத்துட்டு இது சதை இல்லப்பா, எலும்பு கால்சியம் இல்லாம மெலிஞ்சு போய் அதுக்கு மேல வீங்கியிருக்குனு சொன்னார். பத்தொன்பது நாள் தான் இருந்துச்சு.

அதனால ஓடுற குட்டியை வாங்குங்க. கையைக் கண்டா முறைக்கணும், நெளியணும், திமிறணும், நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் புடிக்கணும். கண்ணு ரெண்டும் முழுசா தெறந்து பளிச்சுனு இருக்கணும். வாலோட அடிப்பக்கம் சதைப்பத்தா இருக்கணும், அங்க ரெண்டு பக்கமும் எலும்பு துருத்திக்கிட்டுத் தெரிஞ்சா பட்டினி கிடந்த குட்டி. கீழ்த்தாடையை லேசா தொட்டுப் பாருங்க, கெட்டியா இருக்கணும், ரப்பர் மாதிரி வளைஞ்சாலோ முதுகு கோணலா இருந்தாலோ விரல் நடுங்கினாலோ வேணாம். வாய் ஓரத்துல தயிர் மாதிரி வெள்ளையா எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. விரல்லயும் வால் நுனியிலயும் பழைய தோல் மோதிரம் மாதிரி இறுகிப் போய் இருக்கானு பாருங்க, விட்டா அந்த நுனி அப்படியே காஞ்சு விழுந்துடும். மூக்கைச் சுத்தி வெள்ளையா பொடி இருந்தா மட்டும் பயப்பட வேணாம், அது உப்பு, உடம்புல அதிகமா இருக்குற உப்பை இகுவானா மூக்கு வழியா தும்மி வெளிய தள்ளும். எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடில தெனமும் காலைல புள்ளி புள்ளியா இருக்கும், அம்மா "உப்பளம்"னு திட்டிக்கிட்டே துடைப்பாங்க.

ரெட், ப்ளூ, அல்பினோனு கலர் வாரியா விலை ஏறும். முதல் தடவ வளர்க்குறவங்களுக்கு சாதா பச்சையே போதும்.

ஆணா பெண்ணானு குட்டியிலயே தெரியுமா?

தெரியாது. ரெண்டு வயசுக்கு மேல தொடைக்கு அடில வரிசையா இருக்குற துளைகள் ஆணுக்குப் பெருசாகும், தாடையும் தலையும் அகலமாகும். எனக்கு விக்கிறவர் "கன்ஃபார்ம் மேல்"னு அடிச்சு சொன்னார், அதான் பச்சையப்பன்னு பேர் வச்சோம். நாலாவது வருஷம் பிப்ரவரில திடீர்னு சாப்பாட்டை நிறுத்திட்டு தரையை ராத்திரி பகல்னு இல்லாம பறண்டிக்கிட்டே இருந்துச்சு, வயிறு பூசணிக்கா மாதிரி ஆச்சு, ஓடிப் போய் ஸ்கேன் எடுத்தா உள்ள முட்டை. ஆண் துணையே இல்லாட்டியும் பெண் இகுவானா முட்டை போடும், அதுல குஞ்சு வராது அவ்ளோ தான். ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மைப் படுக்க வச்சு ஈர மணலும் தோட்டத்து மண்ணும் கலந்து போட்டு இருட்டாக்கிக் குடுத்தோம், ரெண்டு நாள் தோண்டி 31 முட்டை போட்டுட்டு, வெறும் எலும்பும் தோலுமா வெளிய வந்து ஒரு கிண்ணம் பப்பாளியை மூச்சு விடாம தின்னுச்சு. தோண்ட இடம் கிடைக்கலனா முட்டை உள்ளயே சிக்கி உயிருக்கே ஆபத்து, பெண் வச்சிருக்குறவங்க இதை மறந்துடாதீங்க. பேரை மட்டும் மாத்தல, இப்பவும் பச்சையப்பன் தான்.

எவ்ளோ பெரிய கூண்டு வேணும்?

கடைல 20 சென்டிமீட்டர் குட்டியைப் பாக்குறப்போ அஞ்சு அடி உடம்பைக் கற்பனை பண்ணிப் பாருங்க, கூண்டை அதுக்குத் தான் கட்டணும். பெருசானதுக்கு குறைஞ்சது 6 அடி உயரம், 6 அடி நீளம், 3 அடி ஆழம். வீட்ல அந்த இடம் இல்லனா இந்தப் பக்கத்தை இங்கயே மூடிட்டு வேற பிராணியைப் பாருங்க, நான் கோச்சுக்க மாட்டேன். உயரம் ஏன் முக்கியம்னா இது மரத்து ஜீவன், உங்க கண்ணு மட்டத்துக்கோ அதுக்கு மேலயோ உக்கார ஒரு தடிமனான கிளை இருக்கணும். தரைல கூண்டை வச்சு நீங்க மேல இருந்து குனிஞ்சு குனிஞ்சு பாத்தீங்கன்னா அது எப்பவும் பயத்துலயே இருக்கும், பழகவே பழகாது.

சென்னை வெயிலுக்கு ஹீட் லைட் எல்லாம் தேவையா?

சூடு விஷயத்துல நமக்கு அதிர்ஷ்டம் தான். வெயில் காயுற இடம் ஒண்ணு 35 டிகிரி கிட்ட, மத்த இடம் 27ல இருந்து 31, ராத்திரி 23, 24க்குக் கீழ போகாம இருந்தா நல்லது, ஈரப்பதம் 60, 70 சதவீதம். சென்னைல வருஷத்துல முக்காவாசி நாள் இது தானாவே வந்துடும். ஊட்டி கொடைக்கானல்காரங்க, டிசம்பர் குளிர்ல பெங்களூர்ல இருக்குறவங்க கண்டிப்பா ஹீட்டர் போடணும், கூடவே கரண்ட் போனா தாங்குற இன்வெர்ட்டரும். ஹீட் ராக்னு ஒரு சூடான கல்லு விப்பாங்க, அதை வாங்காதீங்க, அடிவயிறு வெந்து போற வரைக்கும் அதுக்குத் தெரியாம மேலயே படுத்திருக்கும்.

ஆனா யூவிபினு, வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர் ஒண்ணு இருக்கு பாருங்க, அதுல தான் ஆளுங்க கோட்டை விடுறாங்க. உடம்புல டி3 வைட்டமின் உருவாக அந்தக் கதிர் வேணும், டி3 இல்லனா எவ்ளோ கால்சியம் தின்னாலும் எலும்புக்குப் போகாது. ஜன்னல் கண்ணாடி வழியா வெயில் படுதேனு சொல்லாதீங்க, கண்ணாடி யூவிபியை நிறுத்திடும். ஊர்வனத்துக்குனு விக்கிற யூவிபி ட்யூப் தெனமும் 10, 12 மணி நேரம் எரியணும், எரிஞ்சாலும் ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள மாத்தணும், ஏன்னா வெளிச்சம் வரும், கதிர் வராது. நான் வாரத்துல நாலு நாள் காலைல எட்டுல இருந்து பத்து மணிக்குள்ள மொட்டை மாடில கம்பிக் கூண்டுல விடுறேன், பாதிக் கூண்டு மேல ஈரச் சாக்கு போட்டு நிழல் இருக்கணும், பக்கத்துல ஆள் இருக்கணும், காக்கா சும்மா விடாது. கண்ணாடித் தொட்டியோட வெயில்ல வச்சா பத்து நிமிஷத்துல வெந்துடும், விளையாட்டுக்கு சொல்லல.

என்ன சாப்பாடு? புழு, முட்டை, சிக்கன் குடுக்கலாமா?

வேணாம் வேணாம் வேணாம். பழைய புத்தகங்கள்ல நாய் சாப்பாடு கூட குடுக்கச் சொல்லி இருக்கும், அதை நம்பி சிறுநீரகம் போன இகுவானா கணக்கு வழக்கில்லாம இருக்கு. இது முழு சைவம், இலையைத் தின்னு குடல்ல மாடு மாதிரி நொதிக்க வச்சு செரிக்கிற ஜீவன். நல்ல வேளை, நம்ம ஊர் மார்க்கெட் இதுக்காகவே திறந்து வச்ச மாதிரி இருக்கும். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, மல்பெரி இலை, செம்பருத்தி இலையும் பூவும் தான் அடிப்படை. கூட துருவின மஞ்சள் பூசணி, பீன்ஸ், சக்கரவள்ளி கொஞ்சம். பழம் பத்துல ஒரு பங்குக்கு மேல வேணாம், பப்பாளி, அத்தி, மாம்பழம் ஓகே. வாழைப்பழம் எப்பவாவது லஞ்சமா. பாலக், பசலை, தண்டுக்கீரை எல்லாத்துலயும் ஆக்சலேட் ஜாஸ்தி, கால்சியத்தைக் கட்டிப் போட்டுடும், அதனால தெனசரி சாப்பாடா ஆக்காதீங்க. முட்டைக்கோஸும் அப்படித்தான், தைராய்டுக்கு ஆகாது. அவகாடோவும் அரளியும் விஷம், மாடித் தோட்டத்துல அரளி இருந்தா அந்தப் பக்கமே விடாதீங்க. கடைப் பூ மருந்தடிச்சது, வீட்டுப் பூ மட்டும். குட்டிக்கு தெனமும் கால்சியம் பொடி தூவணும், பெருசானதுக்கு வாரத்துல ரெண்டு மூணு தடவ.

சாப்பாட்டைக் காலைலயே வைங்க, தின்னுட்டு வெயில்ல காஞ்சா தான் செரிக்கும்.

சரி, மெயின் கேள்வி. எப்படிப் பழக்குறது?

நாயைப் பழக்குற மாதிரி நெனச்சுக்கிட்டு வந்தா ஏமாந்துடுவீங்க. நாய்க்கு உங்களைப் பிடிக்கணும்னு ஆசை இருக்கு, இகுவானாவுக்கு அதெல்லாம் கிடையாது. அதைப் பொறுத்தவரைக்கும் நீங்க ஒரு பெரிய பருந்து, பருந்து இல்லனு அதுவா முடிவு பண்ற வரைக்கும் நீங்க காத்திருக்கணும், பழக்குறதுனா இவ்ளோ தான்.

இதோட உச்சந்தலைல மூணாவது கண்ணு ஒண்ணு இருக்கு, வெளுத்துப் போன சின்ன செதில் மாதிரி தெரியும். உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். மாடில ஒரு நாள் நான் எதுவும் கவனிக்காம பேப்பர் படிச்சிட்டு இருந்தேன், பச்சையப்பன் திடீர்னு தலையை ஒருக்களிச்சு ஒரே கண்ணால வானத்தைப் பாத்துக்கிட்டு சிலையாட்டம் நின்னுச்சு, நிமிந்து பாத்தா ரொம்ப உயரத்துல ஒரு பருந்து வட்டமடிக்குது. அதனால தான் மேல இருந்து கையைக் கொண்டு போகவே கூடாது. பக்கவாட்டுல, தாழ்வா, அது பாக்குற மாதிரி மெதுவா.

வாங்கிட்டு வந்த முதல் ரெண்டு வாரம் தொடாதீங்க. சாப்பாடு வை, தண்ணி மாத்து, வந்துடு. அப்பறம் தெனமும் ஒரே நேரத்துக்குக் கூண்டுப் பக்கத்துல உக்காந்து சத்தமா எதையாவது படிங்க, நான் ராசிபலன் படிப்பேன். நீங்க போட்டுக் கழட்டின பழைய பனியன் ஒண்ணை உள்ள போட்டு வைங்க, வாசம் பழகட்டும். மூணாவது வாரம் கையை உள்ள வச்சுட்டு ஆட்டாம இருங்க, கைல ஒரு செம்பருத்திப் பூ. முதல் நாள் ஓடும், பத்தாவது நாள் முறைக்கும். எனக்கு ஏழாவது வாரம் தான் நடந்துச்சு, கிளைல இருந்து மெதுவா ஒரு காலை எடுத்து என் மணிக்கட்டுல வச்சு, நகம் லேசா குத்துச்சு, நாக்கால பூவை ஒரு தடவ தொட்டுட்டு, இதழைக் கடிச்சு இழுத்துச்சு. நான் மூச்சே விடல.

அடுத்து தூக்குறது. நெஞ்சுக்கு அடில ஒரு கை, பின்னங்காலுக்கு அடில ஒரு கை, நாலு காலும் எதையாவது புடிச்சுக்கிட்டு இருக்கணும், அந்தரத்துல தொங்கினா பயந்து உதறும். வாலைப் புடிச்சுத் தூக்காதீங்க, நம்ம வீட்டுப் பல்லி மாதிரி இதுவும் வாலை அறுத்துட்டு ஓடும், திரும்ப முளைக்குறது கருத்துக் குட்டையா அசிங்கமா இருக்கும். ஆரம்பத்துல பாத்ரூம் தான் நல்ல இடம், சின்ன ரூம், ஒளிய சந்து இல்ல, கதவைச் சாத்திட்டு முழுக்கை சட்டை போட்டு தரைல உக்காருங்க, அதுவா வந்து உங்க மேல ஏறும். பத்துப் பதினஞ்சு நிமிஷம் போதும், ஆனா தெனமும்.

ஒரு விஷயம் மட்டும் மனசுல வைங்க: அது வாலால அடிச்ச உடனே கீழ விட்டுடாதீங்க. அடிச்சா விட்டுடுவாங்கனு கத்துக்கும், அப்பறம் ஒவ்வொரு தடவையும் அடிக்கும். வலிய பொறுத்துக்கிட்டு அசையாம இருந்து, அது அடங்கினதும், ஒரு நிமிஷம் கழிச்சு இறக்குங்க. சைக்கிள் டயரால அடிச்ச மாதிரி இருக்கும், சொல்லிட்டேன்.

முழுசா பழக ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம், சிலதுக்கு அதுக்கு மேல. சிலது கடைசி வரைக்கும் பழகாது, அதுவும் நடக்கும்.

தடவினா கண்ணை மூடுது, சுகமா இருக்குல்ல?

எல்லாரும் ஏமாறுற இடம் இது. பல நேரம் "நீ இங்க இல்ல, நான் உன்னைப் பாக்கல"னு கண்ணை மூடிக்கிது, அவ்ளோ தான். உடம்பு தளர்ந்து காலை பின்னாடி நீட்டிப் படுத்திருந்தா நிஜமாவே நிம்மதியா இருக்கு. தலையை மெதுவா மேலயும் கீழயும் ஆட்டினா "நான் இங்க இருக்கேன்"னு அர்த்தம், வேகவேகமா ஆட்டினா தள்ளிப் போங்க. கழுத்துத் தோலை விரிச்சு, உடம்பைத் தட்டையாக்கிப் பக்கவாட்டுல காட்டி, வால் நுனி துடிச்சுதுனா அடி விழப் போகுது.

நல்லா பழகின ஆண் இகுவானா திடீர்னு கடிக்க வருது, ஏன்?

இனப்பெருக்க சீசன். ஆம்பளைக்கு உடம்புல ஆரஞ்சு நிறம் ஏறும், தெரிஞ்சவங்களையே எதிரியா பாக்கும், கண்ணாடில தன்னைப் பாத்தே சண்டைக்குப் போகும். சில வாரம், சில நேரம் மாசக்கணக்குல போகும், அடங்கிடும். அந்த சமயத்துல கண்ணாடியை மூடி வைங்க, முகத்துப் பக்கம் கொண்டு போகாதீங்க. பல்லு ரம்பம் மாதிரி, இலையை அறுக்குறதுக்குனே இருக்கு, நல்லா கடிச்சா தையல் போடணும். நண்பர் ஒருத்தருக்குக் கட்டைவிரல்ல நாலு தையல்.

குழந்தைங்க இருக்குற வீட்ல வளர்க்கலாமா?

அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தா நான் வேணாம்னு தான் சொல்வேன். ஆரோக்கியமா இருக்குற இகுவானாவோட கழிவுலயும் சால்மோனெல்லானு வயித்துப்போக்கு வர வைக்கிற பாக்டீரியா இருக்கலாம். தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவணும், சமையல் மேடைல ஏற விடக் கூடாது, அதைக் குளிப்பாட்டுற டப்பாவைக் கிச்சன் சிங்க்ல கழுவக் கூடாது. குளியல்னதும் ஞாபகம் வருது, வெதுவெதுப்பான தண்ணில வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ விட்டா தண்ணியும் குடிக்கும், கக்காவும் அதுலயே முடிச்சுடும், கூண்டு சுத்தமா இருக்கும்.

எத்தனை வருஷம் இருக்கும்?

ஒழுங்கா வளர்த்தா 15, 20 வருஷம். இப்போ காலேஜ் படிக்கிற பசங்க கேக்குறீங்க, உங்க கல்யாணத்துக்கும் அது வரும், யோசிச்சுக்கோங்க.

முடியலனா ஏரிப் பக்கம் மரத்துல விட்டுடலாம்ல?

தயவு செஞ்சு வேணாம். அமெரிக்கால ஃபுளோரிடால இப்படி வீட்ல இருந்து தப்பினதும் விட்டதும் பெருகி, வாய்க்கால் கரையெல்லாம் வளை தோண்டி, 2021ல இருந்து புதுசா செல்லப் பிராணியா வச்சுக்கவே தடை போட்டுட்டாங்க. அங்க குளிர் அதிகமானா விறைச்சுப் போய் மரத்துல இருந்து பொத்து பொத்துனு விழும், 2020 ஜனவரில வானிலை ஆபீஸே மேல இகுவானா விழலாம்னு எச்சரிக்கை குடுத்துச்சு. நம்ம ஊர்ல அந்தக் குளிரும் கிடையாது. வளர்க்க முடியலனா கூண்டும் லைட்டும் சேத்து, பழகின ஆளாப் பாத்து, போர்ட்டல்ல பேர் மாத்தி குடுங்க. வாங்குறதுக்கு முன்னாடியே ஊர்வன பாக்குற டாக்டர் உங்க ஊர்ல யாருனும் விசாரிச்சு வைங்க, நாய் பூனை டாக்டர் எல்லாருக்கும் இது தெரியாது.

வெளியூர் போனா யார் பாத்துக்குவாங்க?

எங்க வீட்ல அம்மா. ஆரம்பத்துல அந்த ரூம் வாசல்லயே நின்னு கிண்ணத்தை விளக்குமாத்தால தள்ளி விடுவாங்க. போன மாசம் நான் மூணு நாள் மதுரைக்குப் போயிட்டேன், வந்து பாத்தா பக்கத்து வீட்டு அக்காவோட செம்பருத்திச் செடி மொட்டையா நிக்குது, அக்கா என்கிட்ட பேசல, அம்மா மட்டும் "நம்ம பச்சையப்பன் ரெண்டு வேளை கேட்டா, என்ன பண்ணச் சொல்ற"னு சொல்லிட்டு டீ போடப் போயிட்டாங்க.